தடித்த ஒயில்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருக்கும் எவரிடமும் என்ன ஒயில் ஊற்றுவது என்று கேட்டுப் பாருங்கள். "தடிச்சதா ஊத்து" என்றுதான் சொல்வார்கள். கார் புகைத்தால் தடித்தது. சத்தம் போட்டால் தடித்தது. ஒழுகினால் இன்னும் தடித்தது. இந்த ஊரின் ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் இத்தனை காலம் ஓடியது இந்த ஒற்றை வைத்தியத்தால்தான் என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். நானும் பல வருடம் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். சரியென்று நம்பி இருந்தேனா, எனக்கு வசதியாக இருந்ததால் இருந்தேனா என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்லவேண்டும்.

கார் ஐயாவுடையது. மொரிஸ் மைனர் 1000, 948 சீசீ. அறுபதுகளில் இலங்கைக்குக் கார் இறக்குமதி இறுகிப்போய், 1977இல் கதவு திறந்தபிறகுதான் யப்பான் கார்கள் பெருகின. அதுவரை இருந்ததை வைத்தே ஓட்டினார்கள். தெற்கில் பிறகு மாற்றிக்கொண்டார்கள். எங்களுக்கு அதற்குள் சண்டை வந்துவிட்டது. ஐம்பதுகளின் பிரித்தானியக் கார்கள் எங்கள் தெருக்களில் இன்னும் இருபது முப்பது வருடம் கூடுதலாக ஓடின. ஐயா அந்தக் காரில் ஹயர் ஓடினார். கலியாண வீடு, செத்தவீடு, பிள்ளைப்பேற்றுக்கு ஆசுப்பத்திரி என்று ஊரில் பாதிப்பேர் அந்தப் பின்சீற்றில் இருந்திருக்கிறார்கள்.

இந்தக் காரில் இருப்பது ஏ சீரிஸ் எஞ்சின். 1951இல் ஒஸ்ரின் ஏ30க்காக வந்து, 2000இல் கடைசி மினியோடு ஓய்ந்தது. இவ்வளவு நீண்ட ஆயுள் கிடைத்த பெற்றோல் எஞ்சின்கள் அதிகமில்லை. அதன் குணங்களில் இரண்டைச் சொல்லவேண்டும், ஒயில் கதை முழுவதும் அவற்றில்தான் தொங்குகிறது. ஒன்று, கிராங்கின் பின்பக்கத்தில் றப்பர் சீல் கிடையாது. தண்டிலே திருகுபோல வெட்டிய தவாளிப்பு ஒன்று சுழன்றபடி ஒயிலை உள்ளே திருப்பி அனுப்பும். வண்டி நின்றால் அதுவும் நிற்கும், ஒயில் சொட்டும். சொட்டும் என்று செய்தவர்களுக்கும் தெரியும். அதனால்தான் கிளச் மூடியின் அடியில் ஓட்டை போட்டு, அது ஊத்தையால் அடைபடாமல் ஆடிக்கொண்டிருக்க ஒரு பிளவு ஊசியையும் தொங்கவிட்டார்கள். மற்றது, வால்வை இயக்கும் தப்பெட்டுகள் தட்டையானவை. கேமின் மேடு உருளாமல், உராய்ந்து வழுக்கிப் போகிறது. இரும்பும் இரும்பும் உரசும் அந்த இடத்தைக் காப்பாற்றுவது ஒயிலில் கலந்திருக்கும் நாகமும் பொசுபரசும் சேர்ந்த ஒரு சேர்மானம். அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. சிறு போத்தல்களில் பொன்போல விற்றார்கள். ஐயா பொனற்றுக்குள்ளே ஒரு சின்னப் போத்தலையும் திருகு குழாயையும் பொருத்தினார். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். நிறுத்துவதற்குக் கொஞ்சத் தூரம் முன்னால் திரும்பப் பெற்றோல். வெள்ளைப் புகையும் கண்ணெரிவும் எங்கள் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். புகைக்குழாயால் வெளியே வந்தது எல்லாருக்கும் தெரிந்தது. உள்ளே போனது எஞ்சின் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது.

மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயில் படையைக் கழுவிக்கொண்டு, றிங்குகளைத் தாண்டிக் கீழே ஒயில் தேங்கும் சம்புக்குள் இறங்கும். இறங்கியது எஞ்சின் சூட்டிலும் முழுக்க வெளியேறாது. ஆகவே அந்த நாட்களில் ஒரு விசித்திரம் நடந்தது: ஓட ஓட ஒயில் மட்டம் ஏறியது. ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்து, குறையவில்லை என்று சந்தோசப்பட்டவர்களின் பெயாரிங்தான் முதலில் போனது. ஐயா கம்பியைப் பார்ப்பதற்கு முன் மணந்து பார்ப்பார். விரலில் தேய்த்துப் பார்ப்பார். பிறகு என்னுடைய பழைய கொப்பித் தாளில் ஒரு துளி விடுவார். நடுவில் கறுப்பு வட்டம், அதைச் சுற்றி எண்ணெய்ப் பசையாய் வெளிறிய வளையம் அகலமாகப் படர்ந்தால் மண்ணெண்ணெய் கூடிவிட்டது என்று அர்த்தம். ஆய்வுகூடங்களிலும் ஒற்றுத்தாளில் இதே சோதனையைச் செய்வார்கள் என்று பின்னாளில் வாசித்தபோது எனக்கு ஐயாவின்மேல் மரியாதை இன்னும் ஒரு படி கூடியது.

மண்ணெண்ணெய் கலந்து நீர்த்த ஒயிலுக்கு அப்போது ஒரே மாற்று, தேடிப்பிடிக்கக்கூடிய மிகத் தடித்த ஒயிலை அதோடு சேர்ப்பது. "தடிச்சதா ஊத்து" என்ற ஊர்ச்சட்டம் அங்கே பிறந்தது என்பது என் ஊகம். அந்தக் காலத்துக்கு அது சரியான சட்டம். நோய் போனபிறகும் மருந்தை நிறுத்தாததுதான் எங்கள் கோளாறு.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்தச் சனத்துக்குள் எங்கள் காரும் நின்றது, நகர்ந்தது, நின்றது. மழை வேறு. உள்ளே அப்பாச்சியும் அயல்வீட்டுக் கிழவர்கள் இரண்டுபேரும். நானும் ஐயாவும் இறங்கித் தள்ளியதே கூட. மண்ணெண்ணெய் கலந்த ஒயிலோடு, காற்றோட்டம் இல்லாமல், முதல் கியரில் இரவிரவாக இழுபட்ட எஞ்சின் பெயாரிங்கில் தட்டத் தொடங்கியது. சாவகச்சேரியில் ஒரு மாமரத்தின்கீழ் ஐயா சம்பைக் கழற்றினார். பெயாரிங் வாங்க இடமில்லை. என்னவோ செய்து பூட்டினார். தட்டல் குறைந்தது. அடுத்த வருடம் அந்தக் காரிலேயே வீட்டுக்குத் திரும்பினோம். அதற்குப் பிறகு அந்தச் சம்பை எவரும் கழற்றவில்லை. ஐயா 2004இல் காலமானார்.

என்னுடைய பங்கு அதற்குப் பிறகுதான் வருகிறது.

கார் ஒயில் குடித்தது. காலையில் ஸ்ராட் பண்ணியதும் கீழே ஒரு கணம் தட்டிவிட்டு அடங்கும். நான் 20டபிள்யூ-50 ஊற்றிக்கொண்டிருந்தேன். பிறகு தனி 50க்கு மாறினேன். பிறகு தேன்போல வழியும் "ஒயில் ட்ரீட்மென்ற்" பேணி ஒன்றையும் சேர்த்தேன். ஒவ்வொரு முறையும் சத்தம் கொஞ்சம் தணிந்தது, நானும் தணிந்தேன். கியர் ஒயில் 90இல் கொஞ்சம் கலந்துவிடு என்று ஒருவர் சொன்னார். அதை மட்டும் செய்யவில்லை. நல்ல காலம். கியர் ஒயிலின் அளவுகோல் வேறு. அதன் 90, எஞ்சின் ஒயிலின் 40க்கும் 50க்கும் கிட்டத்தான் நிற்கும். தடிப்பும் கூடப்போவதில்லை, அதிலுள்ள கந்தகச் சேர்மானம் செம்பு கலந்த உலோகங்களை அரிப்பதுதான் மிச்சம்.

பேணியில் இருக்கும் இலக்கங்களைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். எங்களூரில் அவற்றை விலைப்பட்டியல்போலத்தான் வாசிக்கிறார்கள், பெரிய இலக்கம் நல்லது என்று. "டபிள்யூ"வுக்கு முன்னால் நிற்பது குளிருக்கான இலக்கம். பனிக்காலத்தில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்வது. மார்கழியிலும் விசிறி போட்டுப் படுக்கும் எங்களுக்கு அதில் பெரிய சங்கதி இல்லை. பின்னால் நிற்பதுதான் எங்களுக்குரியது. 100 பாகை செல்சியசில் அது எவ்வளவு தடிப்பு என்பது. 30 என்றால் 9.3இலிருந்து 12.5 சென்ரிஸ்ரோக்குக்குள். 50 என்றால் 16.3இலிருந்து 21.9க்குள். சூடான எஞ்சினில் 50, 30ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேலே தடிப்பு. ஆனால் நாங்கள் மறப்பது காலை நேரத்தை. விடிய 28 பாகையில் சம்புக்குள் கிடக்கும் எந்த ஒயிலும் எஞ்சினின் தேவைக்குப் பலமடங்கு தடிப்பாகத்தான் கிடக்கும். ஸ்ராட் பண்ணும் கணத்தில் மெல்லிய ஒயில் என்று ஒன்று இல்லவே இல்லை. அந்தக் கணத்தில்தான் எஞ்சின் அதிகம் தேய்கிறது, நான் அந்தக் கணத்துக்குத்தான் பாகு காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஐயாவின் காருக்கான கைநூல் என்னிடம் இருக்கிறது. உறைநிலைக்கு மேலே 30 என்றுதான் அதில் போட்டிருக்கிறது. அது புது எஞ்சினுக்கும், பல்தர ஒயில் பரவலாகாத காலத்துக்கும் எழுதியது. இடைவெளிகள் தேய்ந்து அகன்ற எஞ்சினுக்கு, எங்கள் வெயிலுக்கு, 20டபிள்யூ-50 நியாயமான இடம். அதைத் தாண்டி நான் போன ஒவ்வொரு படிக்கும் வேறொரு காரணம் இருந்தது, அதை நான் எவரிடமும் சொல்லவில்லை.

ரொறன்ரோவிலிருந்து மச்சான் வந்தான். பெட்டிக்குள் சேட்டுகளில் சுற்றி ஒரு கலன் முழுச் சிந்தெற்றிக் 5டபிள்யூ-30 கொண்டுவந்தான். "உலகத்திலேயே திறமான ஒயில் மச்சான், ஊத்திப் பார்" என்றான். சிந்தெற்றிக் பழைய சீலைத் தின்றுவிடும், ஒழுகும் என்று நான் மறுத்தேன். அது ஊர்க்கதை. ஆரம்பகாலச் சிந்தெற்றிக் சில சீல்களைச் சுருங்கப்பண்ணியது உண்மைதான், ஆனால் அதற்குரிய சேர்மானங்கள் வந்து எவ்வளவோ காலம். மறுப்பு சரி, சொன்ன காரணம் பிழை. உண்மையான காரணங்கள் வேறு. 30 இந்தத் தேய்ந்த பெயாரிங்கில் சூடேறியபின் நிற்காது. மற்றது, முன்னே சொன்ன நாகமும் பொசுபரசும். பொசுபரசு புதிய கார்களின் புகைக்குழாயிலுள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கெடுக்கிறது என்பதால், 2004இல் வந்த ஏ.பி.ஐ எஸ்.எம் தரத்திலிருந்து 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஒயில்களில் அது 0.08 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. கொன்வேட்டரே இல்லாத, தட்டைத் தப்பெட் மொரிசுக்கு அது குறைவு. 20டபிள்யூ-50க்கு அந்த உச்சவரம்பு இல்லை. ஆகவே புதிய எழுத்துப் போட்ட பேணி என்று பயந்து பழைய சரக்கைத் தேடத் தேவையில்லை. தடிப்பைச் சரியாக எடுத்தால் பெரும்பாலும் நாகமும் சரியாக வரும். டீசல் எஞ்சினுக்கான 15டபிள்யூ-40ஐ லொறிக்காரரிடம் வாங்கி ஊற்றும் பழைய கார்க்காரர்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அவர்கள் என்னைவிடப் புத்திசாலிகள்.

2022இல் பெற்றோலுக்கு வரிசை. கியூஆர் பங்கீடு வந்தபின் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். வீட்டில் மற்ற வண்டியும் இருந்ததால் மொரிஸ் நின்றது. செத்துவிடாமல் இருக்கட்டும் என்று தினமும் காலையில் ஸ்ராட் பண்ணி ஐந்து நிமிடம் முற்றத்திலேயே ஓடவிட்டு நிறுத்தினேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் அநேகமாகச் செய்வது இது. எஞ்சினுக்கு இதைவிடக் கெடுதலானவை குறைவு. ஒயில் சரியாகச் சூடேறாது. எரிந்ததில் வரும் நீராவி உள்ளேயே குளிர்ந்து ஒயிலோடு கலக்கும். ஒருநாள் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் பால்தேத்தண்ணி நிறத்தில் களிபோல அப்பியிருந்தது. நிற்கும் காரைக் கிழமைக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டவேண்டும், அல்லது தொடாமல் விடவேண்டும். இடையில் ஒன்றும் இல்லை.

ஒயிலை மாற்றினேன். இந்த முறை சத்தம் தணியவில்லை.

கோண்டாவில் பக்கம் ஒரு கராச். பழைய பிரித்தானியக் கார்களுக்குப் பெயர்போன கை. இன்னும் தடித்த ஒயில் ஏதும் இருக்கிறதா என்று கேட்கத்தான் போனேன். அண்ணை எஞ்சினை ஓடவிட்டு, ஒரு நீண்ட ஸ்குறூட்றைவரின் நுனியைப் புளொக்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒயில் மாத்த வந்தனியோ, சத்தத்தை மாத்த வந்தனியோ?"

மொரிசில் பிறசர் காட்ட ஒரு விளக்கு மட்டும்தான். அண்ணை கேஜ் ஒன்றைப் பூட்டினார். ஸ்ராட் பண்ணியதும் ஊசி 60 இறாத்தலுக்குப் போய் நின்றது. நான் பெருமையாகப் பார்த்தேன்.

"அது காட்டும்" என்றார். "பிறசர் நிக்குது எண்டா ஒயில் போகுது எண்டில்லை. குழாய் வாயை விரலாலை அமத்தினா உள்ளுக்கைப் பிறசர் ஏறும், பாத்திக்குத் தண்ணி போகுமோ?"

எனக்கு உறைத்தது அப்போதுதான். 60 இறாத்தலில் ரிலீவ் வால்வு திறந்து, மிஞ்சும் ஒயிலை நேரே சம்புக்குத் திருப்பிவிடும். பாகுபோல இருந்த என் ஒயிலில் பெரும்பகுதி அந்தக் குறுக்கு வழியால் கீழே போய்க்கொண்டிருந்தது. மேலே றொக்கருக்கும் பெயாரிங்குக்கும் போகவேண்டியது பிந்திப் பிந்திப் போனது. பெயாரிங்கின் இடுக்கில் தடித்த படை நின்றதால் தட்டல் காதுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அமுக்கம் பார்த்தார். இரண்டு சிலிண்டர் பரவாயில்லை, இரண்டு இறங்கியிருந்தன. இறங்கிய இரண்டிலும் பிளக் ஓட்டையால் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பார்த்தார், ஏறியது. வால்வில் கசிந்தால் ஏறாது. றிங் போய்விட்டது. பத்து நிமிட வேலை, ஒரு கரண்டி ஒயில். இதை நான் எப்போதோ செய்வித்திருக்கலாம்.

ஏன் செய்விக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது. அந்தச் சம்பின் போல்ற்றுகளைக் கடைசியாக இறுக்கியது ஐயாவின் கை. அதை வேறொருவர் கழற்றுவதை நான் விரும்பவில்லை. ஒவ்வொரு தடித்த பேணியும் அதைத் தள்ளிப்போட நான் வாங்கிய தவணை. எஞ்சினைக் காப்பாற்றுகிறேன் என்று மனிசியிடம் சொன்னேன், மச்சானிடம் சொன்னேன், ஊரில் எல்லாருக்கும் ஒயில் பற்றி வகுப்பும் எடுத்தேன். எஞ்சின் மட்டும் அந்த வகுப்பைக் கேட்கவில்லை.

கழற்றும்போது பக்கத்தில் நின்றேன். சம்பின் அடியில் கறுப்புக் களி. ஒயிலை உறிஞ்சும் சல்லடையில் பாதி அடைபட்டிருந்தது; நல்ல கழுவும் குணமுள்ள புது ஒயிலைத் திடீரென்று ஊற்றியிருந்தால் அந்தக் களி கிளம்பி மீதிப் பாதியையும் அடைத்திருக்கும். பெயாரிங்குகளின் மேற்பூச்சுப் போய்ச் செம்பு தெரிந்தது. மூன்றாவதைக் கழற்றியபோது அண்ணை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். பெயாரிங்கின் முதுகுப்பக்கத்தில், அளவாக வெட்டி வளைத்த மெல்லிய தகரத் துண்டு. அதில் பால்மா ரின்னின் நிறம் ஒரு ஓரத்தில் மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது. தேய்ந்த இடைவெளியைக் குறைக்க ஐயா வைத்த அண்டை.

"இதிலை இவ்வளவு காலம் ஓடினதோ?" என்றார் அண்ணை. "கொப்பர் விசயகாரன்தான். ஆனா அவரே இருந்திருந்தா இதைக் கழட்டி எறிஞ்சிருப்பார்."

கிராங்கைக் கிரைண்ட் பண்ணினோம். பெயாரிங், றிங், ஓவர்சைஸ் பிஸ்ரன் எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடியும், இல்லாததை இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தும் வந்து சேர்ந்தன. செலவைப்பற்றிப் பேசவேண்டாம், அந்தக் காசுக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று மனிசி சொன்னது சரியான கணக்கு.

இப்போது ஊற்றுவது சாதாரண மினரல் 20டபிள்யூ-50. விலையுயர்ந்த பேணி இல்லை. விலையைவிட மூடியின் சீலைத்தான் உற்றுப் பார்க்கிறேன், கறுப்பு ஒயிலை வெளிறப்பண்ணிப் பழைய பேணியில் அடைத்து விற்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். 3000 மைலுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கைநூல். கிழமைக்கு ஒருநாள் ஓடும் காருக்கு மைல் கணக்குச் சரிவராது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒயில் சுடச்சுட இருக்கும்போதே வடிக்கிறேன். பில்ரர் எலிமென்ற்றோடு அதன் கிண்ணத்தின் றப்பர் வளையத்தையும் மாற்றவேண்டும். பழையதைக் கிளறி எடுக்காமல் புதியதை அதன்மேல் வைத்துப் பூட்டி, வழி நெடுக ஒயிலைப் பீச்சிக்கொண்டு போன கார்களைப் பார்த்திருக்கிறேன். ட்ரீட்மென்ற் பேணிகளைக் கராச்சிலேயே விட்டுவிட்டு வந்தேன். கதவுப் பிணைச்சல்களுக்கு ஆகுமாம்.

சூடேறி நிற்கும்போது ஊசி இப்போது 20க்கும் கீழே இறங்கும். முன்பென்றால் பயந்திருப்பேன். ஓடத் தொடங்கினால் 50க்கு மேலே ஏறிவிடுகிறது, அது போதும். காலையில் தட்டல் இல்லை. பின்பக்கத்துச் சொட்டு மட்டும் அப்படியே இருக்கிறது; அதற்கு எந்த ஒயிலும் மருந்தில்லை என்று அண்ணை கைவிரித்துவிட்டார். போர்ட்டிக்கோவில் புதிதாக மாபிள் பதித்ததால் மனிசி காரை வெளியே வேப்பமரத்தின்கீழ் விடச் சொல்லியிருக்கிறா.

மச்சானின் 5டபிள்யூ-30 பக்கத்து வீட்டு விற்ஸுக்குப் போனது. அதற்கு ஏற்ற ஒயில் அது. மச்சான் இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறான், என்ன கொண்டுவர என்று கேட்டான். ஏ சீரிஸ் ஒயில் பில்ரர் எலிமென்ற் நாலு, வளையத்தோடு, என்று எழுதியிருக்கிறேன்.